களை என்றும் கீரை என்றும்

பண்ணைக்கீரைக்கு எங்கள் ஊரில் இரண்டு பெயர். சோளக்காட்டுக்காரரிடம் கேட்டால் அது களை. களை பறிக்க வந்த அம்மாவிடம் கேட்டால் ராத்திரிச் சோத்துக்குக் குழம்பு. செடி ஒன்றுதான். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் காடு என்றால் வனம் கிடையாது, மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலம். அங்கே யாரும் விதைக்காமல் முளைப்பதெல்லாம் காட்டுக்கீரை.

நல்ல மழை பெய்து பத்துப் பதினைந்து நாளில் வரப்போரம் பார்த்தால் தெரியும்: பண்ணை, தொய்யல், குமிட்டி, சாரணை, மூக்கிரட்டை, பருப்புக்கீரை, குப்பைக்கீரை. என் அம்மாயி இவற்றைத் தனித்தனியாகச் சமைத்துப் பார்த்ததில்லை. “ஒண்ணு கசக்கும், ஒண்ணு புளிக்கும், சேத்து வேக வெச்சா சரியாப் போயிரும் கண்ணு” என்பார். அதில் கணக்கு இருக்கிறது. பருப்புக்கீரையிலும் சாரணையிலும் ஆக்ஸாலிக் அமிலம் அதிகம். பல இலை கலக்கும்போது எந்த ஒன்றும் அளவு மீறாது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் துவரம்பருப்பு போட்டு மண்சட்டியில் வேகவைத்து மத்தால் கடைந்து, ராகிக்களியின் நடுவே குழி பண்ணி ஊற்ற வேண்டும். பூக்களுக்கும் முறை உண்டு. முருங்கைப்பூ பொரியலுக்கு, வேப்பம்பூ ரசத்துக்கு. ஆவாரம்பூவும் பூளைப்பூவும் பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலையோடு கூரையில் காப்புக் கட்ட.

இந்தச் சமையல் எவ்வளவு பழையது? சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணர் வீடு வருகிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து உப்பில்லாமல் வேகவைக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள். கீரைச் சமையலைப் பற்றி நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய காட்சிகளில் ஒன்று இது. அதிலேயே வெட்கம் வந்துவிட்டது. சும்மா கிடைப்பதைத் தின்கிறவர் ஏழை என்ற எண்ணம் நேற்றுப் பிறந்ததில்லை.

அரசாங்கக் கணக்கிலும் இந்தக் கீரைக்கு இடமில்லை. 1792க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறையை முதலில் சோதித்துப் பார்த்த இடம் பாரமகாலும் சேலமும்தான். நிலத்தை அளந்தார்கள், வரி நிர்ணயித்தார்கள், யார் கட்ட வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். வரப்பில் முளைத்ததை யார் பறித்தார்கள் என்று எழுத அந்தப் பேரேட்டில் கட்டம் இல்லை. டேட்டாபேஸில் ஒரு விஷயத்துக்கு காலமே இல்லையென்றால், பிறகு என்ன தேடினாலும் அது கிடைக்காது. என் வேலையில் தினமும் பார்க்கிற விஷயம் இது.

பேரேட்டுக்கு வராத கீரை பஞ்சத்தில்தான் வெளியே தெரிந்தது. 1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று ஊர்ப் பேச்சில் இன்றைக்கும் இருப்பது அதுதான். 1877இன் தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியில் தானிய அளவை நாளுக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தார். மெட்ராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் வாழப் போதாது என்று எதிர்த்தார். அந்த ஆண்டுகளில்தான் ஜான் ஷார்ட் என்ற மருத்துவர், பஞ்சத்தில் மக்கள் உண்ட காட்டுச் செடிகளைப் பட்டியலிட்டு ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் வெளியிட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டு தானியம் ஏறத்தாழ 1,550 கலோரி. மண் சுமக்கிற உடம்புக்கு அது பத்தாது. மிச்சத்தைக் கீரையில் ஈடுகட்டலாமென்றால், 100 கிராம் கீரையில் 25 முதல் 40 கலோரிதான். இன்னொரு ஆயிரம் கலோரிக்கு இரண்டரை கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும், அதுவும் மழையே இல்லாத வருஷத்தில். கீரை களிக்குத் துணை. களியே இல்லாதபோது அது யாரையும் காப்பாற்றாது. அன்றைய பெரிய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் சுமார் 19.67 லட்சம், 1881இல் சுமார் 16 லட்சம். செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள். ‘இயற்கை உணவு உண்டு வாழ்ந்த முன்னோர்’ என்று யாராவது உருகும்போது எனக்கு இந்த எண்கள்தான் ஞாபகம் வரும்.

இன்றைய கதை வேறு. நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம் வேண்டும். மக்காச்சோளம் விதைத்த சில நாட்களுக்குள், களை முளைப்பதற்கு முன்பே, அட்ரசின் அடிக்கிறார்கள். விவசாயியைக் குறை சொல்ல முடியாது. களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் கூலி கட்டுப்படியாவதில்லை. ஆனால் அந்த மருந்து இரண்டு விஷயங்களைச் சேர்த்தே அழிக்கிறது. களை பறிக்கும் பெண்ணின் கூலி ஒன்று. கூலியோடு அவர் மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோன கீரை இன்னொன்று. முதலாவதற்காவது கணக்கு உண்டு. இரண்டாவது காணாமல் போனது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

இதற்கிடையே நகரத்து உணவகங்களில் பிரண்டைத் துவையலும் ஆவாரம்பூ டீயும் விலை உயர்ந்த பண்டங்களாகிவிட்டன. எனக்கு அதில் கோபமில்லை, கதவைச் சாத்தாமல் சாப்பிடுகிறோம் என்பதே நல்ல மாற்றம். இலையைப் படம் பிடித்தால் பெயர் சொல்கிற ஆப் போனில் இருக்கிறது. ஆனால் இந்தக் காட்டில் போன வாரம் மருந்து அடித்தார்களா, இந்த வாய்க்காலில் சாயத்தண்ணி வருகிறதா, எந்த இலையைப் பிஞ்சில் மட்டும் பறிக்க வேண்டும் என்பதை ஆப் சொல்லாது. குனிந்து களை எடுத்த பெண்களுக்குத் தெரியும். பலருக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல்.

நிலம் வைத்திருக்கிற நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வரப்போரம் நாலடியை மருந்தடிக்காமல் விடுங்கள். அதில் பறிக்க வருகிறவரைத் துரத்தாதீர்கள். அவர் பறிக்கும்போது பக்கத்தில் நின்று எது எது என்று கேட்டு எழுதி வையுங்கள், சொல்லித்தந்த நேரத்துக்குக் கூலியும் சேர்த்துக் கொடுங்கள்.