பள்ளம் இடம் மாறிவிட்டது

மின்சார வண்டியை எந்த நேரத்தில் சார்ஜ் போடுவது? இது நம்ம காலத்துக் கேள்வி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்க மின்சார வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், நூறு வருஷம் பழசு.

1900இல் அங்கே தயாரான கார்களில் நீராவியில் ஓடியவை 1,681. மின்சாரம் 1,575. பெட்ரோல் வெறும் 936.

அன்றைய மின் நிறுவனங்களுக்கு விளக்குதான் பெரிய வருமானம். சாயங்காலம் ஊரே ஒரே நேரத்தில் விளக்குப் போடும். நள்ளிரவுக்கு மேல் ஜெனரேட்டர் சும்மா கிடக்கும், ஆனால் அதை வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் 24 மணி நேரமும் ஓடும். 1892இல் சிகாகோ எடிசன் நிறுவனத்துக்குத் தலைவரான சாமுவேல் இன்சல் பிடித்துக்கொண்ட சூட்சுமம் இதுதான்: எவ்வளவு விற்கிறோம் என்பதோடு எப்போது விற்கிறோம் என்பதும் முக்கியம். பகலுக்கு டிராமும் தொழிற்சாலையும் கிடைத்தன. இரவுப் பள்ளத்தை நிரப்ப மின்வண்டி தோதாக இருந்தது. நாங்கள் பேட்ச் ஜாப்களை ராத்திரியில் ஓட்டுகிறோமே, அதே கணக்கு.

ஹார்ட்ஃபோர்ட் நகர மின் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. பேட்டரி இல்லாமல் லாரியை வாங்கலாம். பேட்டரி நிறுவனத்துடையது, தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். மாதக் கட்டணம், கூடவே ஓடிய மைலுக்குக் காசு. 1924 வரை நடந்த இந்தச் சேவையில் வண்டிகள் ஓடியது 60 லட்சம் மைலுக்கு மேல். வண்டி ஓடும் நேரத்துக்கும் பேட்டரி ஏறும் நேரத்துக்கும் இருந்த முடிச்சை அப்போதே அவிழ்த்துவிட்டார்கள்!

1912இல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. பெட்ரோல் வண்டியைக் கையால் சுற்றிக் கிளப்பும் தொல்லை போயிற்று. மின்கார் மெல்ல ஒதுங்கியது.

இப்போது திரும்பி வந்திருக்கிறது. ஆனால் பள்ளம் அதே இடத்தில் இல்லை. சூரிய மின்சாரம் பெருகிய கலிஃபோர்னியாவில் நண்பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது. பொழுது சாயும்போது தேவை செங்குத்தாக ஏறுகிறது. 2013இல் இதை வரைந்து காட்டியபோது வாத்து மாதிரி இருந்ததால் 'வாத்து வளைவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் மத்திய அரசின் 2023 விதிகளும் சூரிய நேரத்துக்குக் குறைந்த கட்டணம் என்கின்றன.

ஆக, ஏழு மணிக்கு வீடு திரும்பியதும் பிளக்கைச் சொருகுவதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம். நள்ளிரவுக்குத் தள்ளிவைத்தால் உச்ச நேரச் சுமையாவது குறையும். ஆனால் மிஞ்சுகிற மின்சாரம் இருப்பது மதியம் ஒரு மணிக்கு. அந்த நேரத்தில் வண்டி ஆபீஸ் பார்க்கிங்கில் நிற்கிறது, பிளக் வீட்டில் இருக்கிறது. இன்சலின் கணக்கு இன்றும் சரிதான். பிளக்கைத்தான் இடம் மாற்ற வேண்டும்.