களக்குறிப்பேடு யாருக்குச் சொந்தம்? இருளர் வழக்குகளில் நிபுணர் குறிப்புகளும் சட்டக் காப்பும்

பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கேட்கும் இருளர் குடும்பத்திடம் அரசு கேட்கும் கேள்விகள் பல. குலதெய்வம் எது? திருமணம் எப்படி நடக்கும்? இறந்தவரைப் புதைப்பீர்களா, எரிப்பீர்களா? விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் கோட்டாட்சியர் அலுவலகம் முதல் உயர்நீதிமன்றம் வரை இக்கேள்விகள் பின்தொடர்கின்றன. மானுடவியலாளரும் ஆய்வு மாணவர்களும் விடைகளைக் குறிப்பேடுகளில் பதிகின்றனர். அந்தக் குறிப்பேட்டை எதிர்த்தரப்பு கேட்டால் என்ன செய்வது?

கேள்விகளின் வேர்

1994-இல் குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் உச்சநீதிமன்றம், சான்றிதழ்களைச் சரிபார்க்க ஆய்வுக்குழுவும் விழிப்புப் பிரிவும் அமைக்கப்பட வேண்டும் என்றது. தெய்வம், சடங்கு, மணமுறை, ஈமமுறை ஆகியவை விசாரணைப் பொருளாயின. தமிழ்நாட்டின் மாநில அளவிலான குழுவில் மானுடவியலாளர் ஒருவரும் இடம்பெறுகிறார். இந்தப் பண்பாட்டு ஒப்புமைச் சோதனையே முடிவான உரைகல் ஆகாது என உச்சநீதிமன்றம் 2023-இல் தெளிவுபடுத்தியது. ஆயினும் சோதனை மறையவில்லை.

ஆபத்து எங்கே?

ஒரு முதியவர் தம் முன்னோரின் உடும்பு வேட்டையைப் பற்றிச் சொல்கிறார். பழங்குடி மரபுக்கு அது சான்று. அவரே அண்மையில் வேட்டையாடியதாகக் குறிப்பில் இருந்தால், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றத்துக்கான தடயம். எந்தச் செங்கல் சூளையில் எவ்வளவு முன்பணத்துக்குக் கட்டுண்டார் என்ற வரி வெளியானால், முதலாளியின் சினம் அக்குடும்பத்தின் மீதே பாயும். எனவே குறிப்பேட்டின் இரகசியம் உயிர்ப் பாதுகாப்பு சார்ந்த கேள்வி.

சட்டம் தருவதும் தராததும்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132-ஆம் பிரிவு, கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் தொழில்முறையில் கூறியவற்றைக் காக்கிறது. மொழிபெயர்ப்பாளர், எழுத்தர், வழக்கறிஞரின் பணியாளர் ஆகியோருக்கும் அக்கடமை உண்டு. 134-ஆம் பிரிவு கட்சிக்காரரையே காக்கிறது. நிபுணர் என்ற சொல் இப்பட்டியலில் இல்லை. வழக்கறிஞர் நியமித்த நிபுணரை இதனுள் அடக்கலாம் என வாதிட இடமுண்டு. அதை உறுதி எனக் கொள்ளலாகாது. தொண்டு நிறுவனத்துக்காகவோ பட்ட ஆய்வுக்காகவோ எழுதிய குறிப்புகளுக்கு இவ்வாதமும் கிட்டாது.

மறுபுறம், 39-ஆம் பிரிவின்படி நிபுணர் கருத்துரைத்தால், 45-ஆம் பிரிவின்படி அதன் அடிப்படைகளும் விசாரணைக்கு உரியவை. சாட்சிக் கூண்டில் குறிப்பேட்டைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொண்டால், 164-ஆம் பிரிவின்படி எதிர்த்தரப்பு அதைக் காணவும் அதன் மீது குறுக்கு விசாரணை செய்யவும் இயலும்.

ஆஸ்திரேலியப் பாடம்

வடக்கு ஆட்சிப்பகுதியில் வாருமுங்கு மக்களின் நில உரிமைக் கோரிக்கைக்காக மானுடவியலாளர்கள் ஆயத்தம் செய்த நூல் நில ஆணையரிடம் தாக்கலானது. அதற்கு அடிப்படையான மூல ஆவணங்களையும் அரசுத் தரப்பு கேட்டது. நூலைத் தாக்கல் செய்ததாலேயே அவற்றின் மீதான சட்டக் காப்பு கைவிடப்பட்டதாகாது என ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, வாதத்துக்குத் துணைநிற்கும்.

களத்தில் செய்ய வேண்டியவை

• வழக்கை முன்னிட்ட ஆய்வெனில், முதல் நேர்காணலுக்கு முன்பே வழக்கறிஞர் எழுத்துமூலம் நிபுணரை நியமிக்க வேண்டும்.

• வழக்குக் குறிப்பையும் கல்வி ஆய்வுக் குறிப்பையும் தனித்தனி ஏடுகளில் எழுதுக.

• பெயர்களுக்குக் குறியீடு இடுக. திறவுகோலை வேறிடத்தில் வைக்க.

• தேவையற்றதை எழுதாதீர்கள். எழுதியதை, கேட்பாணை வந்தபின் அழிப்பது குற்றம்.

• குறிப்பு நீதிமன்றம் செல்லக்கூடும் என்பதைப் பேசுபவரிடம் முன்கூட்டியே சொல்லி இசைவு பெறுக.

• விழிப்புப் பிரிவின் அறிக்கை பாதகமாக இருப்பின் அதன் நகலைப் பெறும் உரிமை மாதுரி பாட்டீல் தீர்ப்பிலேயே உண்டு, தவறாமல் கேளுங்கள்.

தம்மை மெய்ப்பிக்கும் சுமையை அரசு இருளர்மீது ஏற்றியுள்ளது. அச்சுமையைப் பகிர வரும் நாம், நம் கையெழுத்தாலேயே அவர்களுக்கு இன்னொரு வழக்கை உண்டாக்கிவிடக் கூடாது.