பனிக்கரடி இறைச்சி: வேட்டையிலிருந்து அடுப்பு வரை ஒரு வரலாறு

1597ஆம் ஆண்டு மே மாத இறுதி. ஆர்க்டிக் பெருங்கடலில் உள்ள நோவயா செம்லியா தீவில், உடைந்த கப்பலின் மரங்களைக் கொண்டு கட்டிய ஒரு வீட்டில் டச்சு மாலுமிகள் சிலர் குளிர்காலத்தைக் கழித்து முடித்திருந்தனர். சீனாவுக்கு வடக்கு வழியாகக் கடற்பாதை தேடிப் புறப்பட்ட வில்லெம் பாரன்ட்ஸ் என்பவரின் குழு அது. வாசல் வரை வந்த ஒரு பனிக்கரடியைச் சுட்டுக் கொன்றார்கள். பசி மிகுந்திருந்ததால் அதன் ஈரலை எடுத்துச் சமைத்து உண்டார்கள். ருசியாகவே இருந்ததாம். பிறகு எல்லோருக்கும் உடம்புக்கு முடியாமல் போயிற்று. மூவரின் நிலை மிக மோசம்; தலை முதல் கால் வரை அவர்களுடைய தோல் உரிந்து விழுந்தது. பிழைக்கமாட்டார்கள் என்றே மற்றவர்கள் நினைத்தனர். அடுப்பில் மீதமிருந்த ஈரலைச் சட்டியோடு தூக்கி வெளியே எறிந்தார் கப்பல் தலைவர் ஹீம்ஸ்கெர்க். மூவரும் பிழைத்துக்கொண்டனர்.

குழுவில் ஒருவரான கெரிட் டி வீர் நாள்தோறும் எழுதி வைத்த குறிப்பு 1598இல் நூலாக வெளிவந்ததால் இந்தச் செய்தி நமக்குக் கிடைக்கிறது. அதே நூலில் கரடியால் கிடைத்த நன்மையும் பதிவாகியுள்ளது. பிப்ரவரியில் கொன்ற ஒரு கரடியின் வயிற்றிலிருந்து சுமார் 100 பவுண்டு கொழுப்பை எடுத்து உருக்கி விளக்கெரித்தார்கள். மாதக்கணக்கில் சூரியனே உதிக்காத இடத்தில் இரவு முழுவதும் விளக்கு எரிந்தது என்றால் அது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே விலங்கு விளக்கெண்ணெயும் தருகிறது, நஞ்சும் தருகிறது. எதை எடுப்பது, எதை விடுவது, எவ்வளவு நேரம் வேகவைப்பது என்பதை அறிந்திருந்தவர்கள் ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடி வேட்டைக்காரர்கள். வெளியிலிருந்து சென்றவர்களோ அதை உடம்பால் கற்க வேண்டியிருந்தது.

ஈரல்

இனுவிட் மக்கள் பனிக்கரடியின் ஈரலை உண்பதில்லை. நாய்களும் தின்றுவிடாதபடி அதைக் கடலில் எறிவதும் உண்டு. இதைக் கேள்விப்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் பலர் மூடநம்பிக்கை என்றே எண்ணினர். அமெரிக்கரான எலைஷா கென்ட் கேன் ஒரு மருத்துவர். 1853 முதல் 1855 வரை வடமேற்குக் கிரீன்லாந்தில் பயணக் குழுவை நடத்தியவர். ஈரல் நஞ்சு என்பது வெறும் கதை என்று நினைத்து அதைத் தாமே உண்டு பார்த்தார். தலைச்சுற்றலும் வயிற்றுப்போக்கும் வந்தன. படித்த மருத்துவரைவிட அந்த ஊர் வேட்டைக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

காரணம் தெரிய 1943 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1939-40இல் வடகிழக்குக் கிரீன்லாந்தில் தங்கிய நார்வே மருத்துவர் கோர ரூடாலும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வைட்டமின்களை ஆராய்ந்த தாமஸ் மூரும் சேர்ந்து கரடி ஈரலை ஆய்வு செய்தனர். ஒரு கிராம் ஈரலில் 13,000 முதல் 18,000 அலகு வரை வைட்டமின் ஏ இருந்தது. நஞ்சாக வேலை செய்தது அந்த வைட்டமினேதான்.

இந்த எண்ணின் அளவு புரிய நம் ஊர் உதாரணம் ஒன்று உதவும். குழந்தைகளுக்குக் கண் பார்வை கெடாமலிருக்க, ஆறு மாதத்திற்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் வாயில் ஊற்றுகிறார்கள் அல்லவா? ஒரு வயது கடந்த குழந்தைக்கு ஒரு முறை தரும் அளவு 2 இலட்சம் அலகு. அது ஆறு மாதத்திற்குப் போதும். அதே அளவு பனிக்கரடி ஈரலில் 11 முதல் 15 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது; ஒரு சிறு துண்டு. மாலுமிகள் சட்டி நிறையச் சமைத்து உண்டார்கள்!

கரடிக்கு இவ்வளவு வைட்டமின் எங்கிருந்து வருகிறது? கடலின் நுண்ணுயிர்களிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கடல்நாய்க்கும், கடல்நாயிலிருந்து கரடிக்கும் அது படிப்படியாகச் சேர்கிறது. கரடியின் உடல் அதைக் கல்லீரலில் பத்திரமாகப் பூட்டி வைக்கப் பழகியிருக்கிறது; மனித உடல் அப்படிப் பழகவில்லை. நான் வகுப்பெடுத்த காலத்தில் வைட்டமின் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி, குறைந்தால் என்ன நோய் வரும் என்று மட்டுமே சொல்லிக்கொடுத்தேன். மிகுந்தால் என்ன ஆகும் என்று எந்த மாணவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாரன்ட்ஸ் குழுவின் கதை அப்போது தெரிந்திருந்தால் ஒரு பாடவேளையை அதற்கே கொடுத்திருப்பேன்.

சதையில் ஒளிந்த புழு

ஈரலை விட்டுவிட்டால் ஆபத்து நீங்கியதா என்றால் இல்லை. 1835இல் இலண்டனில் மருத்துவம் பயின்ற மாணவர் ஜேம்ஸ் பேஜெட், அறுவைக் கூடத்தில் ஒரு சடலத்தின் தசையில் மணல்போல வெண்புள்ளிகளைக் கண்டார். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சுருண்ட ஒரு நுண்புழு இருந்தது. ரிச்சர்டு ஓவன் அதற்குப் பெயரிட்டார். இன்று திரிக்கினெல்லா எனப்படுகிறது. அது வெறும் விருந்தாளி அல்ல, ஆளைக் கொல்லக்கூடியது என்பதை 1860இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஃபிரீட்ரிக் சென்கர் காட்டினார். சரியாக வேகாத பன்றிக் கறியால் இறந்த ஒரு பணிப்பெண்ணின் உடலில் அவர் அதைக் கண்டார்.

இப்புழு இறைச்சி தின்னும் விலங்குகளின் தசையில் வாழ்கிறது. ஒன்றை ஒன்று தின்னும்போது பரவுகிறது. பன்றியில் காணப்படும் வகை உறைகுளிரில் மடிந்துவிடும். ஆர்க்டிக் விலங்குகளில் காணப்படும் வகையோ உறைந்த இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே கரடிக் கறியைப் பனியில் புதைத்து வைத்தாலும் பயனில்லை. நன்றாக வேகவைப்பதுதான் வழி.

இனுவிட் சமையலில் இதற்கு இசைவான ஒரு வேறுபாடு காணப்படுகிறது. மீன், கடல்நாய், கரிபூ மான் ஆகியவற்றின் கறியைப் பச்சையாகவோ உறைந்த நிலையிலோ உண்ணும் அதே மக்கள், பனிக்கரடிக் கறியைப் பொதுவாக வேகவைத்தே உண்கின்றனர். பழைய முறையில் அதற்குப் பயன்பட்டது மாக்கல்லில் குடைந்த சட்டி. நம் பாட்டிமார் புளிக்குழம்பு வைத்த கல்சட்டியும் மாக்கல்தான். அரை நிலா வடிவக் கல்விளக்கில் கடல்நாய்க் கொழுப்பை ஊற்றி, பாசியைத் திரியாக வைத்து எரித்து, அதன்மேல் சட்டியைத் தொங்கவிடுவார்கள். விளக்குச் சூட்டில் கறி மெல்ல மெல்ல வேகும். கறியும் சாறும் பலருக்குப் பகிரப்படும். கிரீன்லாந்தின் சில பகுதிகளில் கரடியின் தோல் அதைக் கொன்றவருக்குப் போகாது, முதலில் கண்டவருக்கே போகும். அத்தோலில் குளிர்காலக் காற்சட்டை தைப்பார்கள்.

நான்சென் அடுப்பும் ஆந்த்ரே அடுப்பும்

நார்வே நாட்டவரான ஃபிரித்யோஃப் நான்செனும் யால்மர் யோகான்செனும் வட துருவத்தை அடையும் முயற்சியில் 1895 மார்ச்சில் ஃபிராம் கப்பலை விட்டிறங்கி நடந்தனர். துருவத்தை எட்ட முடியாமல் திரும்பி, பிரான்சு ஜோசப் நிலத்தீவுகளில் ஒரு குளிர்காலம் முழுவதும் சிக்கிக்கொண்டனர். கல்லும் பாசியும் அடுக்கிச் சுவர் எழுப்பி, வால்ரஸ் தோலால் கூரை போட்ட குடிசை. சுமார் 10 அடி நீளம், 6 அடி அகலம். காலையில் வேகவைத்த கரடிக் கறியும் சாறும், மாலையில் பொரித்த கரடிக் கறி. பல மாதங்களுக்கு இதுதான் சாப்பாடு. மருந்துப் பையிலிருந்த கட்டுத்துணியை விளக்குத் திரியாக்கினார்கள். விளக்கில் கருகிய கொழுப்புத் துண்டுகளைப் பலகாரம்போல எடுத்துத் தின்று, சர்க்கரை இல்லையே என்று ஏங்கினார்கள். 1896 ஜூனில் ஆங்கிலேயப் பயணி ஃபிரெடரிக் ஜாக்சனைச் சந்தித்து மீண்டபோது இருவரும் எடை கூடியிருந்தனர். நான்சென் சுமார் 10 கிலோ.

மறு ஆண்டே, 1897 ஜூலை 11 அன்று, சுவீடனைச் சேர்ந்த சாலமன் ஆகஸ்ட் ஆந்த்ரே, நில்ஸ் ஸ்ட்ரின்ட்பெரி, க்னுட் ஃப்ரென்கெல் ஆகிய மூவர் ஸ்வால்பார்டிலிருந்து பலூனில் துருவம் நோக்கிப் பறந்தனர். மூன்றே நாளில் பலூன் பனிமேல் இறங்கிவிட்டது. பிறகு நடைதான். இவர்களுக்கும் கரடிதான் உணவு. கரடிக் கொழுப்பில் பொரித்தும் வேகவைத்தும் உண்டார்கள். ஆனால் சில வேளைகளில் பச்சையாகவும் உண்டார்கள். உப்புத் தொட்டுத் தின்றால் கடற்சிப்பியின் ருசி என்று ஆந்த்ரே குறித்திருக்கிறார். நாட்குறிப்பில் வயிற்றுப்போக்கும் கால்வலியும் திரும்பத் திரும்ப வருகின்றன. அக்டோபர் தொடக்கத்தில் குவிட்டோயா என்னும் தீவை அடைந்து, சில நாட்களுக்குள் மூவரும் இறந்தனர்.

33 ஆண்டுகள் கழித்து, 1930 ஆகஸ்டில் அவர்களின் முகாம் கண்டெடுக்கப்பட்டது. அங்கே உணவு மீதமிருந்தது. தோட்டாக்களும் எரிபொருளும் இருந்தன. அப்படியானால் எதனால் இறந்தார்கள்? டென்மார்க் மருத்துவர் எர்ன்ஸ்ட் ட்ரூடெ முகாமிலிருந்து கிடைத்த கரடி எச்சங்களைச் சோதித்து, அவற்றில் திரிக்கினெல்லா இளம்புழுக்கள் இருப்பதைக் கண்டு 1952இல் நூலாக எழுதினார். இம்முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. குளிர், சோர்வு, ஈரல் நஞ்சு, கூடாரத்துக்குள் அடுப்புப் புகை எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. புழு மட்டுமே கொன்றது என்று அடித்துச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் புழுவுள்ள கறியை அவர்கள் உண்டார்கள் என்பதில் ஐயமில்லை. ஏறத்தாழ அதே கடற்பரப்பில், அதே விலங்கை உண்ட நான்செனுக்கு எடை கூடியது. இரு குழுக்களின் வேறுபாட்டை விளக்கப் புகுவோர் அடுப்பையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

இன்று

பனிக்கரடியின் எண்ணிக்கை குறைந்ததால் 1973இல் கனடா, டென்மார்க், நார்வே, சோவியத் ஒன்றியம், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளும் அதைக் காக்க உடன்பாடு செய்துகொண்டன. பூர்வகுடி மக்களின் மரபு வேட்டைக்கு அதில் இடமுண்டு. கிரீன்லாந்தில் 2006 முதல் ஆண்டுக்கு இத்தனை கரடிதான் என்ற வரம்பு இருக்கிறது.

கருங்கரடியோ வட அமெரிக்காவில் உரிமம் பெற்று இன்றும் பரவலாக வேட்டையாடப்படுகிறது. வடக்குப் பகுதிகளில் அதன் சதையிலும் அதே உறைகுளிர்ப் புழு உண்டு. 2022 கோடையில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு குடும்பம் ஒன்றுகூடியது. கனடாவில் சுட்ட ஒரு கருங்கரடியின் கறியை 45 நாட்கள் உறைபெட்டியில் வைத்திருந்து, காய்கறிகளோடு கம்பியில் கோத்து நெருப்பில் வாட்டினார்கள். இயல்பாகவே கருஞ்சிவப்பான கறி என்பதால் வெந்ததா வேகவில்லையா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. சிலர் தின்னத் தொடங்கிய பிறகுதான் வேகவில்லை என்று கண்டு மீண்டும் நெருப்பில் வைத்தார்கள். ஆறு பேர் நோயுற்றனர். உறைபெட்டியில் மீதமிருந்த கறியைச் சோதித்தபோது புழுக்கள் உயிரோடு நெளிந்தன. நோயுற்ற அறுவரில் இருவர் கறியைத் தொடவே இல்லை. அதே கம்பியில் கோத்த காய்கறிகளை மட்டுமே உண்டிருந்தனர்.