கசப்புப் பட்டையின் கதை

தலைவலிக்கு விழுங்கும் ஆஸ்பிரினின் மூதாதை ஒரு மரப்பட்டை. அதைக் கண்டுகொண்டவர்கள் சொன்ன காரணமோ தவறு!

1763-ல் இங்கிலாந்தின் சிப்பிங் நார்ட்டனைச் சேர்ந்த பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன், ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். காயவைத்துப் பொடித்த வில்லோ மரப்பட்டையைக் குளிர்காய்ச்சல் கண்ட சுமார் 50 பேருக்குக் கொடுத்ததில் நல்ல பலன் தெரிந்ததாம். ஏன் வில்லோ? காய்ச்சல் ஈரமான இடங்களில் வருகிறது, வில்லோவும் அங்கேதான் வளர்கிறது. நோய் இருக்கும் இடத்திலேயே மருந்தும் இருக்கும் என்று அவர் நம்பினார்.

1828-ல் ஜெர்மனியின் ஜோஹன் புக்னர் அந்தப் பட்டையிலிருந்து சாலிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார். 1874-ல் ஸ்காட்லாந்தின் டண்டி நகர மருத்துவர் தாமஸ் மெக்லகன், மூட்டுகள் வீங்கும் வாதக் காய்ச்சலுக்கு அதைக் கொடுத்தார். முதலில் தானே உட்கொண்டு பார்த்த பிறகுதான்! காய்ச்சலும் வீக்கமும் வலியும் தணிந்தன. அவரும் அதே 'ஈர நில' நம்பிக்கையில்தான் தொடங்கினார்.

1897-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் இதே வழியில் ஆஸ்பிரின் உருவானது. உண்மையான காரணம் தெரிந்தது 1971-ல்தான். வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உடலில் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று லண்டனில் ஜான் வேன் காட்டினார். 1982-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான். ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்குவது அதனால்தான்.

நம்பிக்கை பொய்த்தது. ஆனால் கொடுத்துப் பார்த்து, நடந்ததை எழுதி வைத்ததால் மருந்து நிலைத்தது. எந்த மூலிகைக்கும் இதுவே உரைகல்.