சொறிப் பூனையும் 147 வருஷமும்

"சொறி புடிச்ச பூனை"ங்கிறது நம்ம ஊர்ல நோயோட பேரா இருக்கிறதைவிட திட்டாத்தான் அதிகம் புழங்குது. ஏன் சொறி வந்துச்சுன்னு யாரைக் கேட்டாலும் பதில் ரெடி: "உடம்புச் சூடு", "ரத்தம் கெட்டுப்போச்சு". சிரிக்காதீங்க மக்களே. மனுஷனுக்கு வர்ற சிரங்குக்கு ஐரோப்பாவின் பெரிய பெரிய டாக்டர்களும் நூற்றாண்டுக்கணக்கா இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. உடம்புக்குள்ள கெட்ட நீர் சேர்ந்து, தோல் வழியா வெளியே வருதாம்!

1687ல இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துல பொனோமோன்னு ஒரு டாக்டரும் செஸ்டோனின்னு ஒரு மருந்துக்கடைக்காரரும் வேற மாதிரி யோசிச்சாங்க. சிரங்கு வந்த குழந்தைகளோட தோல்ல இருந்து பெண்கள் ஊசியால எதையோ குத்தி எடுக்கிறதைப் பத்திக் கேள்விப்பட்டு, அதை மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பார்த்தாங்க. உள்ளே ஒரு குட்டிப் பூச்சி! படம் வரைஞ்சு, முட்டை போடுறதையும் கவனிச்சு, ரெடி என்ற அறிஞருக்குக் கடிதமா எழுதினாங்க. நோய்க்குக் காரணம் கண்ணுக்கு எளிதில் படாத ஒரு உயிர்னு ஆதாரத்தோட காட்டினதுல இதுதான் ஆரம்பகாலச் சாதனைகளில் ஒண்ணு. ஆனா போப்பாண்டவரின் மருத்துவர் லான்சிசி ஏத்துக்கலை. விஷயம் அப்படியே அமுங்கிப்போச்சு.

அடுத்தது பெரிய காமெடி. 1812ல பாரிஸ்ல காலேன்னு ஒருத்தர் பூச்சியைக் கண்டுபிடிச்சுட்டதா அறிவிச்சார். கடைசில அவர் காட்டினது பாலாடைக்கட்டியில் வளர்ற பூச்சின்னு அம்பலமாச்சு. மத்தவங்க கொப்புளத்தைக் கீறிக் கீறித் தேடினாங்க, ஒண்ணும் சிக்கலை. நம்ம பாஷையில சொன்னா, தப்பான ஃபைல்ல பக் தேடினாங்க :-) 1834ல ரெனூச்சிங்கிற கோர்சிகா தீவு மாணவர், தன் ஊர்ப் பெண்கள் செய்யறதைப் பார்த்துக் கத்துக்கிட்டபடி எல்லார் முன்னாடியும் ஊசியால எடுத்துக் காட்டினார். பூச்சி இருந்தது கொப்புளத்துல இல்லை, அதுக்குப் பக்கத்துல தோலுக்குள்ள அது தோண்டின சுரங்கத்தோட முனையில. ஊர்ப் பெண்களுக்குத் தெரிஞ்சதை மருத்துவ உலகம் ஒத்துக்க 147 வருஷம்!

நாலே வருஷத்துல, 1838ல், பூனைச் சொறிப் பூச்சியை ஹெரிங் விவரிச்சார். இன்னிக்கு அதுக்கு நோட்டோயெட்ரிஸ் கேட்டின்னு பேர். இந்தச் சொறி பெரும்பாலும் காது ஓரத்துல ஆரம்பிக்கும். அப்புறம் முகம், கழுத்து. பூனை முகம் கழுவுறப்பவும் சுருண்டு தூங்குறப்பவும் பாதத்துக்கும் வால் அடிக்கும் பரவும். அரிப்பு தாங்காம சொறிஞ்சுக்கிட்டே இருக்கும், தோல் தடிச்சுப் பொருக்கு கட்டும். படர்தாமரையும் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரியும். அதனால டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்புல பார்ப்பார். அதாவது, பொனோமோ செஞ்ச அதே வேலை.

மருந்துக்கும் ஒரு கதை இருக்கு. 1970களில் ஜப்பானின் ஓமுரா சேகரிச்ச மண்ணுல இருந்த ஒரு நுண்ணுயிரை வச்சு, அமெரிக்காவில் கேம்ப்பெல் குழு ஐவர்மெக்டின் உருவாக வழி செஞ்சது. 2015ல ரெண்டு பேருக்கும் நோபல். அதே குடும்பத்து செலாமெக்டினைப் பூனையின் பிடரியில் சொட்டு விட்டாப் போதும். எத்தனை தடவைன்னு டாக்டர் சொல்வார்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீங்க. அதுல பெர்மெத்ரின் இருந்தா பூனையோட உடம்பால அதைச் சரியா வெளியேத்த முடியாது. வலிப்பு வந்து செத்தே போகலாம். மண்ணெண்ணெய் வைத்தியமும் வேண்டாம், பூனை நக்கி உள்ளே தள்ளிடும். வீட்டுல ஒண்ணுக்கு வந்தா கூட இருக்கிற எல்லாப் பூனைக்கும் சேர்த்து வைத்தியம் பண்ணணும், படுக்கிற துணியை வெந்நீர்ல துவைக்கணும். நமக்கும் கொஞ்ச நாள் அரிக்கலாம், பூனை குணமானா அதுவும் போயிடும்.

சொறிப் பூனையைத் தெருவுல விரட்டுறதுக்கு முன்னாடி இதை யோசிங்க: இது சூடும் இல்லை, சாபமும் இல்லை. சரியான மருந்துல தீர்ற பூச்சிக்கடி, அவ்வளவுதான்.