தர்மகர்த்தாவின் பொறுப்பு

பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேணுதல் நம் முன்னோர் வற்புறுத்திய அறமாகும். ஆயினும் தவறியவரைக் கேள்வி கேட்க அறம் மட்டும் போதாது, சட்டமும் வேண்டும்.

சொத்து ஒருவர் பெயரில் இருப்பினும் அதன் பயன் பிறர்க்குரியதாயின், பெயருக்குடையவர் மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டவர் என்று இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் கொண்டது. அக்கொள்கையே நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்டுகள் சட்டமாயிற்று. முதலில் சென்னை மாகாணம், பஞ்சாப், அயோத்தி, அஸ்ஸாம் முதலிய பகுதிகளுக்கே அது பொருந்தியது. வங்காளமும் பம்பாயும் அப்போது சேரவில்லை.

இச்சட்டம் டிரஸ்டிக்கு விதித்த கடமைகள் எளியவை, ஆனால் கடுமையானவை. விவேகமுள்ளவன் தன் சொத்தைக் காப்பதுபோல் காக்க வேண்டும். கணக்கைத் தெளிவாக வைத்துக் கேட்போர்க்குக் காட்ட வேண்டும். டிரஸ்டுச் சொத்தைக்கொண்டு தமக்கு இலாபம் தேடலாகாது. கடமை தவறி நட்டம் நேர்ந்தால் அவரே ஈடு செய்ய வேண்டும்.

பணத்தை எங்கே முதலீடு செய்யலாம் என்பதற்கு ஒரு பட்டியலும் இருந்தது. அரசாங்கக் கடன் பத்திரங்களோடு, வட்டிக்கு அரசு உத்தரவாதம் அளித்த ரயில்வே கம்பெனிப் பங்குகளும் அதில் இடம் பெற்றன. ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது சுவையான செய்தியன்றோ! நாடு விடுதலை பெற்ற பின்னும் பிரிட்டிஷ் அரசின் பத்திரங்கள் பட்டியலில் நீடித்தன. 2016-ஆம் ஆண்டுத் திருத்தமே அப்பழைய பட்டியலை நீக்கியது. டிரஸ்டுப் பத்திரம் அனுமதிப்பவை, மத்திய அரசு அறிவிப்பவை ஆகியவற்றில் முதலீடு செய்யலாம் என்றாயிற்று.

பொதுத் தருமங்கள் இச்சட்டத்தில் அடங்கா; அவற்றுக்குத் தனி வழிகள் உண்டு. தருமத்தில் அக்கறையுள்ளவர் கணக்கைத் தணிக்கை செய்யுமாறு நீதிமன்றத்தைக் கோர 1920-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவுப்படி வழக்கிட விரும்பியோர் அட்வகேட் ஜெனரலின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் நீதிமன்ற அனுமதியே போதுமென்றாயிற்று. சாதாரண மக்களுக்குக் கதவு சற்று அகலத் திறந்தது எனலாம்.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம், டிரஸ்டிகள் இல்லாத சங்கத்தின் சொத்து நிர்வாகக் குழுவிடம் இருப்பதாகக் கொள்கிறது. ஆகவே பொறுப்பேற்கும் ஒவ்வோர் அன்பரும் ஒரு தர்மகர்த்தாவே. மாற்றல் உத்தரவு வந்தால் நாம் ஊர் விட்டு ஊர் செல்கிறோம். கட்டட நிதியும் நூலகமும் இங்கேயே இருக்கும். அவற்றின் கணக்கும் பிழையின்றிக் கைமாறினால்தான், பின்வரும் குடும்பங்கள் நம்மை நம்பிச் சந்தா கொடுக்கும்.