கொட்டியாரக் குடாவும் தொலைவிலுள்ள கணினியும்: மெதுவான இணைப்பில் பொறியியல் உருவகப்படுத்தல்

திருகோணமலை மாவட்டத்தில், மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில் உள்ள ஊர் கட்டைபறிச்சான். 2006 இல் யுத்தத்தால் சம்பூரை விட்டு வெளியேறியவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த முகாம்களில் ஒன்று இங்கேதான் இருந்தது. சம்பூரில் இந்தியாவின் என்டிபிசியும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டத் திட்டமிட்டன. 2016 செப்டம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அத்தகைய நிலையம் கடல்நீரை உறிஞ்சிக் குளிர்வித்தலுக்குப் பயன்படுத்திவிட்டு, சூடான நீராகத் திருப்பி விடும். அந்தச் சூடு அருகிலுள்ள கொட்டியாரக் குடாவில் எவ்வளவு தூரம் பரவும், எந்தக் கரைவலைப் பாட்டை, அதாவது வலை இழுக்கும் கரைப்பகுதியை, தொடும் என்பது உள்ளூர்க் கேள்வி. விடையோ கணினி உருவகப்படுத்தலில், அதாவது சிமுலேஷனில், இருக்கிறது. 2004 டிசம்பரில் இக்கரைகளைத் தாக்கிய ஆழிப்பேரலை பற்றிய கேள்விகளும் இவ்வகையினவே.

இந்தக் கணக்கீட்டை, பல்கலைக்கழகக் கணினி எங்கோ இருக்க, கட்டைபறிச்சானில் இருந்தபடி ஒரு பொறியியல் மாணவி நடத்த முடியுமா? முடியும் என்பதே என் வாதம். தொலைபேசி இணைப்பின் வேகம் இரண்டாம் பட்சத் தடைதான். கணினித் திரையை அப்படியே வீட்டுக்கு இழுத்துவரப் பார்க்கும் நம் பழக்கமே முதல் தடை.

மெதுவான இணைப்பு என்று நாம் சொல்வதில் இரண்டு குறைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, செக்கனுக்கு எவ்வளவு தரவு போகும் என்பது. மற்றது சுணக்கம், அதாவது ஒரு செய்தி போய் மறுமொழி வந்து சேர எடுக்கும் நேரம். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. ஆகவே திருகோணமலைக்கும், பல்கலைக்கழகம் உள்ள பேராதனைக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு பொருட்டே அல்ல. நெரிசலான கைப்பேசிக் கோபுரம்தான் சுணக்கத்தைப் பெருக்குகிறது. தொலைவிலுள்ள கணினியின் சாளரங்களை நம் திரையில் காட்டும், 1987 இல் வெளிவந்த எக்ஸ்11 போன்ற நெறிமுறைகள் ஒரே வளாகத்து வலையமைப்பை மனதில் வைத்து அமைந்தவை. ஒரு சாளரம் திறக்க நூறு தடவை செய்தி போய்வர வேண்டுமானால், தடவைக்கு 100 மில்லிசெக்கன் வீதம் 10 செக்கன் காத்திருக்க வேண்டும். தரவு வேகத்தைப் பத்து மடங்காக்கினாலும் அந்தக் காத்திருப்பு குறையாது.

தரவின் அளவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். குடாவை 1,000க்கு 1,000 கட்டங்களாகப் பிரித்தால் 10 இலட்சம் கட்டங்கள். கட்டத்துக்கு நீர்மட்டம், இரு திசை வேகங்கள், வெப்பநிலை என நான்கு எண்கள், எண்ணுக்கு 8 பைட். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்தால் ஒரு நாளுக்கு 144 பதிவுகள், மொத்தம் ஏறக்குறைய 4.6 ஜிகாபைட். செக்கனுக்கு 2 மெகாபிட் இணைப்பில் இதைத் தரவிறக்க ஐந்து மணித்தியாலத்துக்கு மேலாகும். அதே கணக்கீட்டில் 20 இடங்களின் அளவுகளை மட்டும் கேட்டால் 11,520 எண்கள்தான். அவை அரைச் செக்கனில் வந்துவிடும்.

அந்த இருபது இடங்கள் எவை என்பதில்தான் விடயமே இருக்கிறது. மகாவலி கடலில் கலக்கும் இடமும், கரைக்கு அருகிலேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கும் வரைபடத்தில் தெரியும். ஆனால் எந்தப் பாட்டில் எந்த மாதம் மீன் படும், எந்த ஓடை வழியாக வெள்ளம் ஊருக்குள் ஏறும் என்பது அங்கே வாழ்பவருக்குத்தான் தெரியும். கேள்வியை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும்படி மெதுவான இணைப்பு கட்டாயப்படுத்துகிறது. அந்தத் தேர்வுக்குக் கொழும்பில் இருப்பவரைவிடக் கட்டைபறிச்சான்காரரே தகுதியானவர்.

செய்முறை எளியது. டெல்ஃப்ட்3டி, ஓப்பன்ஃபோம் போன்ற திறந்த மூல மென்பொருள்களின் அமைப்புக் கோப்புகள் பெரும்பாலும் வெறும் எழுத்துகளே. அவற்றை வீட்டில் திருத்தி, ஆர்சிங்க் மூலம் மாறிய பகுதியை மட்டும் அனுப்பி, வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் மென்பொருளின் வரிசையில் வேலையைப் போட்டுவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடலாம். படம் வேண்டுமானால் முடிவுகளைப் படமாக்கும் பாராவியூ நிரலை மறுமுனைக் கணினியிலேயே திரையின்றி ஓட்டி, சிறிய படக்கோப்பாக எடுக்கலாம். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானது. அந்நாட்களில் திரைப் பகிர்வு வழியாக வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வெட்டும் ஒரு முறிவு. வரிசையில் வேலையைப் போட்டவருக்கோ, மறுமுனையில் மின்சாரம் இருந்தவரை, வேலை நடந்துகொண்டே இருந்திருக்கும்.

இணைப்பு வேகமடையும்போது இதெல்லாம் தேவையற்றுப் போகாதா என்று கேட்கலாம். கட்டத்தின் பக்க அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். காலப் படியும் பாதியாவதால் கணக்கீட்டு வேலை எட்டு மடங்காகும். இணைப்பு வளர வளர ஆய்வாளரின் ஆசையும் வளரும். வலைக்கட்டம் அமைக்கும் வேலைக்குக் கண்ணும் சுட்டியும் தேவை என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதை நான் ஏற்கிறேன். ஆனால் பரும்படியான கட்டத்தை மடிகணினியிலேயே வரைந்து, நுண்மையாக்கலை மறுமுனையில் ஓட்டலாம்.

2020 இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் ஊடாக மாணவர் தரவுக் கட்டணமின்றி வகுப்புகளில் இணைய வழி செய்யப்பட்டது. அன்று வகுப்பறைக்குத் திறந்த கதவைக் கணிப்பு வரிசைக்கும் நிரந்தரமாகத் திறக்க வேண்டும். மாணவருக்குக் கட்டளை வரிக் கணக்கும், குடாவின் ஆழ அளவைத் தரவும் கிடைக்க வேண்டும். சம்பூரில் இப்போது நிலக்கரிக்குப் பதில் சூரிய மின்நிலையத் திட்டம் முன்னெடுக்கப்படுகிறது. அடுத்து எத்திட்டம் வந்தாலும், அதன் பாதிப்பு அறிக்கையிலுள்ள கணக்கை ஊரிலிருந்தே ஒருவர் மறுபடி ஓட்டிச் சரிபார்க்க அந்தக் கட்டளை வரிக் கணக்கும் ஆழ அளவைத் தரவும் போதும்.